நோகாத நோய்



என் அத்தா மிளகு வியாபாரி. நாமக்கல்லில் எங்களுக்கு ஒரு சிறு கிடங்கு இருந்தது. தை பிறந்ததும் கொல்லிமலையில் மிளகு பறிப்புத் தொடங்கிவிடும். சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு அத்தா புறப்படுவார். சேந்தமங்கலம் கடந்து, காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினால் சோளக்காடு. அங்கே சந்தையில் மிளகும், பருவத்துக்கேற்ப பலாவும் அன்னாசியும் வாழையும் வாங்குவார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மலைப்பாதையே அவர் வாழ்க்கைப்பாதையாக இருந்தது. மலையாளிப் பழங்குடி விவசாயிகள் பலருடைய பிள்ளைகளின் திருமணத்தில் முன்வரிசையில் அமர்ந்தவர் அவர். அவர்களுக்கு அவர் வெறும் ‘பாய்’. பெயர் சொல்லி அழைத்தவர் ஒருவரும் இல்லை.

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், சோளக்காட்டில் மிளகை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்த அத்தாவை ஒரு முதிய விவசாயி உற்று நோக்கினார்.

“என்னங்க பாய், கண்ணெல்லாம் மஞ்சளா கெடக்குது?”

“வெயிலுங்க. சூடு ஏறியிருக்கும்” என்றாராம் அத்தா.

“வெயிலுக்குக் கண்ணு செவக்குமுங்க. மஞ்சளாவா போகும்? போயிக் காட்டுங்க” என்று அவர் விடாமல் சொல்லியிருக்கிறார். அன்றிரவு வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார் அத்தா. விளக்கு வெளிச்சத்தில் நானும் பார்த்தேன். விழியின் வெண்மை மஞ்சளாகத்தான் இருந்தது. அப்போது அவருக்கு வயது 58.

அதன்பின் நாங்கள் செய்ததை ஒளிக்காமல் எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

நம் வீடுகளில் மஞ்சள் காமாலை என்றால் என்ன செய்வோமோ அதையே செய்தோம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தோம். எண்ணெயையும் புளியையும் நிறுத்தினோம். காமாலைக்கு மருந்து கொடுப்பவர் என்று பெயர் பெற்ற ஒருவரிடம் மூன்று வாரம் அழைத்துச் சென்றோம். ஓதி ஊதிய நீரைப் பருகச் செய்தோம். இவ்வாறு ஐந்து வாரங்கள் கழிந்தன. மருத்துவமனைக்குப் போகலாம் என்று அம்மா இருமுறை சொன்னார். “காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது” என்று மறுத்தவன் நான். நான் பட்டம் பெற்றவன், கணினியில் கணக்கெழுதுபவன். அப்படியிருந்தும் அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை இப்போது அறிவேன். நம் ஊர்களில் காமாலை பெரும்பாலும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் வைரஸால் வருவது. அந்த வைரஸ் காமாலையில் மிகப் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் நாம் எதைக் கொடுத்தாலும் அதற்கே புகழ் சேர்ந்துவிடுகிறது. ஆனால் மஞ்சள் காமாலை என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம். இரத்தத்தில் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் தேங்கியிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். கல்லீரல் வீங்கியதால் தேங்கியதா, அல்லது பித்தம் குடலுக்குள் வடியும் குழாய் அடைபட்டதால் தேங்கியதா என்பதை அது சொல்லாது. அதை நாம் போய்க் கேட்டறிய வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

அடையாளங்கள் இல்லாமல் இல்லை. அத்தாவுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி உடலெங்கும் அரிப்பு. இரவெல்லாம் தூங்காமல் சொறிந்துகொண்டிருப்பார். சிறுநீர் கடுந்தேநீரின் நிறத்தில் போயிற்று. மலம் வெளுத்துக் களிமண் போலாயிற்று. அதை அவர் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. எடை ஆறு கிலோ குறைந்தது. பத்தியச் சாப்பாட்டால் இளைத்துவிட்டார் என்று நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டோம். ஒன்று மட்டும் இல்லை, வலி. வயிற்றில் சிறு வலியும் இல்லை. வலி இல்லாததனால் அச்சமும் எங்களுக்கு வரவில்லை.

தமிழில் நோய் என்ற சொல்லே நோதலோடு உறவுடையது. நொந்தால்தான் நோய் என்று நம் மொழியும் மனமும் பழகியிருக்கின்றன. இந்த நோயோ நோகாமல் வந்து நுழைந்தது.

இங்கே கொல்லிமலையின் வரலாற்றில் ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். அந்த மலையில் 1914 ஜூலையில் பிறந்தவர் பால் பிராண்டு. அவர் பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் எவெலின் பிராண்டும் ஆங்கிலேயக் கிறித்தவ ஊழியர்கள். மலைமக்களுக்கு மருத்துவமும் பள்ளியும் கொண்டுவந்தவர்கள். மலேரியா அந்நாளில் அந்த மலையை ஆட்டிப்படைத்தது. ஜெஸ்ஸி பிராண்டு 1929-இல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் அங்கேயே இறந்தார். மகன் இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் விரித்துக் கொடுத்தவர் அவர். தொழுநோயாளியின் விரல்கள் சிதைவதற்குப் பெரும் காரணம் வலியுணர்வை இழந்ததே என்பதை உலகுக்கு விளக்கியவரும் அவரே. சுடுவது தெரியாததால் கையை எடுப்பதில்லை. முள் தைத்தது தெரியாததால் நடந்துகொண்டே இருக்கிறார்கள். எனவே வலி இறைவன் தந்த கொடை என்று வாழ்நாள் முழுவதும் எழுதியும் பேசியும் வந்தார்.

மார்க்கத்தால் அவர் வேறானவர். ஆயினும் அத்தா முப்பதாண்டுகள் ஏறி இறங்கிய அதே மலையில் பிறந்த ஒருவர் சொன்ன அந்த உண்மையை, மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்திருந்தபோது நான் பலமுறை நினைத்தேன். வலி என்னும் எச்சரிக்கை அத்தாவுக்குக் கொடுக்கப்படவில்லை. ஆனால் ஒரு மனிதரின் வாய்வழியாக எச்சரிக்கை வந்தது. அதை நாங்கள் வெயிலின் மேல் பழிபோட்டுத் தள்ளிவிட்டோம்.

ஏப்ரல் நடுவில்தான் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். சில நூறு ரூபாய் செலவு. பத்து நிமிட வேலை. கல்லீரலுக்குள் இருக்கும் பித்தக்குழாய்கள் எல்லாம் விரிந்து பருத்திருப்பதை அந்தப் படம் உடனே காட்டிவிட்டது. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தபின், ஒரு பெருநகரத்து மருத்துவமனையின் அறுவை நிபுணர் எங்களை அமர்த்தி வைத்துத் தாளில் ஒரு மரத்தை வரைந்தார்.

“கல்லீரல் முழுக்கச் சிறு சிறு கிளைகளாகப் பித்தக்குழாய்கள் இருக்கின்றன. அவை கூடி வலக்கிளை, இடக்கிளை என இரண்டாகி, பிறகு ஒரே அடிமரமாகிக் குடலில் போய்ச் சேர்கின்றன. உங்கள் தகப்பனாருக்கு அந்த இரு கிளைகளும் கூடும் கவட்டில் கட்டி இருக்கிறது. வலக்கிளைக்குள்ளும் ஏறியிருக்கிறது.”

இது பித்தக்குழாய்ப் புற்றுநோய். கல்லீரலுக்குள் இருக்கும் சிறு கிளைகளில் வருவது ஒரு வகை. குடலுக்கு அருகே அடிமரத்தின் கீழ்ப்பகுதியில் வருவது இன்னொரு வகை. நடுவே கவட்டில் வருவது மூன்றாவது. பரவலாகக் காணப்படுவதும் இதுவே. ஜெரால்டு கிளாட்ஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவர் 1965-இல் இத்தகைய 13 நோயாளிகளைப் பற்றி எழுதியதால் அவர் பெயராலேயே இதைக் கிளாட்ஸ்கின் கட்டி என்பர். கட்டி சிறிதாகவே இருக்கும். ஆனால் இருக்கும் இடம் நெருக்கடியானது. கல்லீரலுக்குள் இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் அதை ஒட்டியே ஓடுகின்றன. கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலானோருக்கு அறுவைக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. அறுவைக்கு வாய்ப்புள்ள சிலருள் அத்தாவும் ஒருவர் என்றார் மருத்துவர்.

அத்தாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று குடும்பத்தில் பெரும் விவாதம். “குழாயில் கல் அடைச்சிருக்குன்னு சொல்லிடலாம்” என்றார் மாமா. அப்படியே சொன்னோம். மூன்று நாள் அத்தா ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு என்னை அருகில் அழைத்தார்.

“கல்லா இருந்தா உங்கம்மா இப்படி அழ மாட்டா. எனக்கு மலையில நாற்பது பேர்கிட்டக் கணக்கு இருக்கு. கொடுக்கணும், வாங்கணும். எவ்வளவு நாள் இருக்குன்னு தெரியாம எப்படி அதை முடிப்பேன்?”

எனக்குப் பேச்சு வரவில்லை. உடைமை உள்ள முஸ்லிம் தம் மரண சாசனத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கலாகாது என்று நம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்பித்திருப்பதை ஜும்ஆ பயானில் எத்தனை முறை கேட்டிருப்பேன். நோயை மறைப்பதன் மூலம் அந்தக் கடமையைச் செய்யும் வாய்ப்பையே அவரிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தேன். அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, “கடையில இருக்கிற நீலக் கணக்கு நோட்டை எடுத்துட்டு வா” என்றார்.

பெரும் அறுவைக்கு முன் காமாலை இறங்க வேண்டும். விலா எலும்புகளுக்கு இடையே ஊசி வழியாக ஒரு மெல்லிய குழாயைக் கல்லீரலுக்குள் செலுத்தி, பித்தத்தை வெளியே ஒரு பையில் வடியவிட்டார்கள். ஒரு வாரத்தில் அரிப்பு நின்றது; அத்தா உறங்கினார். ஆனால் அவருக்கு வேறொரு கவலை பிறந்தது. “உடம்போட ஒட்டி நஜீஸைச் சுமந்துக்கிட்டு எப்படித் தொழுவேன்?” இரண்டு நாள் தொழுகை தவறியது. அவர் வாழ்நாளில் அப்படி நான் கண்டதில்லை. நாமக்கல்லில் இருக்கும் எங்கள் ஹஜ்ரத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். இடைவிடாது வடிந்துகொண்டிருப்பதால் அத்தா மார்க்கச் சட்டத்தில் ‘மஃதூர்’, அதாவது தக்க காரணம் உடையவர். ஹனஃபி மத்ஹபின்படி ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒருமுறை ஒளு செய்துகொண்டால் போதும். அந்த நேரம் முடியும்வரை பித்தம் வடிவதால் அந்த ஒளு முறியாது. பையோடே தொழலாம், நிற்க இயலாவிட்டால் அமர்ந்து, அமர இயலாவிட்டால் படுத்துத் தொழலாம். நோயாளிக்கு இறைவன் எளிதாக்கியதை நாம் கடினமாக்கிக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். அன்று லுஹரைக் கட்டிலில் அமர்ந்தபடி தொழுதபோது அத்தாவின் முகத்தில் நான் கண்ட நிம்மதியை எந்த மருந்தும் தந்ததில்லை. இதே நிலையில் உள்ள குடும்பங்கள் தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கல்லீரலின் கணக்கு. கட்டியை முழுவதும் எடுக்க வேண்டுமானால் கவட்டையும், வலப்பக்கக் கல்லீரல் முழுவதையும், பின்னால் ஒட்டியிருக்கும் சிறு மடலையும், சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். எஞ்சும் இடக்கிளையைச் சிறுகுடலோடு தைத்து இணைப்பார்கள். எஞ்சும் கல்லீரல் போதிய அளவு இல்லையென்றால் அறுவை வென்றும் நோயாளி பிழைக்கமாட்டார். காமாலை கண்ட கல்லீரலில் ஏறத்தாழ நாற்பது சதவீதமாவது எஞ்ச வேண்டும் என்றார் மருத்துவர். அத்தாவுக்கு இருந்ததோ 29 சதவீதம். எனவே வலப்பக்கத்துக்குச் செல்லும் போர்ட்டல் இரத்தக்குழாயை ஊசி வழியாகவே அடைத்தார்கள். வலப்பக்கம் சுருங்க, இடப்பக்கம் வளரும். கல்லீரலுக்கு அல்லாஹ் அளித்திருக்கும் தனிச்சிறப்பு இந்த வளர்ச்சி. அதற்கு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.

அந்த நான்கு வாரங்கள் ரமளான் மாதமாக அமைந்தன. அவ்வாண்டு மே 7-இல் முதல் நோன்பு. வீடே நோன்பிருக்க, அத்தா மட்டும் மருத்துவர் சொன்னபடி இரண்டு மணிக்கொரு முறை முட்டையும் பாலும் கஞ்சியும் உண்டார். பகலில் உண்ணும்போது பிள்ளைகள் பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். நீலக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், மலைக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கிகளுக்குக் கீழே, ‘நோன்பு 29, அல்லாஹ்வுக்கு’ என்று எழுதி வைத்தார். பெருநாள் கழிந்து எடுத்த ஸ்கேனில் இடக்கல்லீரல் 41 சதவீதமாக வளர்ந்திருந்தது.

ஆயினும் முடிவெடுப்பது எளிதாக இல்லை. இந்த அறுவையில் பத்தில் ஒருவர் அளவுக்கு மருத்துவமனையிலேயே உயிரிழக்கக்கூடும் என்றும், கட்டியை முழுமையாக அகற்றியவர்களிலும் ஐந்தாண்டுகள் கடந்து வாழ்பவர் மூவரில் ஒருவர் அளவே என்றும் மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னார். அறுவை செய்யாவிட்டால் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ஊசி மருந்து கொடுத்து, பெரும்பாலும் ஓராண்டை ஒட்டிய வாழ்வு. “விதிச்சது விதிச்சபடி நடக்கும். எதுக்கு வயித்தைக் கிழிக்கணும்?” என்றார் உறவினர் ஒருவர்.

அவருக்கு அத்தாவே பதில் சொன்னார். கலீஃபா உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் செல்லும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா ரலியல்லாஹு அன்ஹு வினவினார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒருபுறம் பசுமையும் மறுபுறம் வறட்சியும் இருந்தால், ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்ற கருத்தில் உமர் அவர்கள் விடையளித்தார்கள். இந்த வரலாற்றைச் சொல்லிவிட்டு, “மலையில எந்தச் சரிவு காஞ்சிருக்கும், எந்தச் சரிவு பசுமையா இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் பசுமையான பக்கம் போறேன். அங்கேயும் அவன்தான்” என்றார்.

ஜூன் இரண்டாம் வாரம் அறுவை. காலை எட்டு மணிக்கு உள்ளே சென்றவர் மாலை ஆறரைக்கு வெளியே வந்தார். நான்கு குப்பி இரத்தம் தேவைப்பட்டது. அதைத் தந்தவர்களில் ஒருவர், மலையிலிருந்து இறங்கி வந்த அந்த முதிய விவசாயியின் பேரன்.

பத்து நாள் கழித்துத் திசுப் பரிசோதனை அறிக்கை வந்தது. அறுவைக்குப்பின் ஒருவர் எவ்வளவு காலம் நலமாக இருப்பார் என்பதை எவரும் அறுதியிட முடியாது. ஆனால் சில கூறுகளை வைத்து மருத்துவர்கள் ஓரளவு கணிக்கிறார்கள். அவற்றை அவர் ஒவ்வொன்றாக விளக்கினார்.

முதலாவது விளிம்பு. வெட்டியெடுத்த பகுதியின் ஓரங்களில் நுண்ணோக்கியில் பார்த்தாலும் புற்று அணுக்கள் இருக்கக்கூடாது. இதை அத்தா உடனே புரிந்துகொண்டார். மிளகுக் கொடியில் வாடல் நோய் வந்தால் வாடிய கொடியை மட்டும் அறுத்தால் போதாது. வேரோடு, சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்து அள்ள வேண்டும். “மண்ணு சுத்தமா இருக்குதுங்களா?” என்று கேட்டார். சுத்தமாக இருந்தது.

இரண்டாவது நிணநீர்க் கணுக்கள். நோய் கட்டியைத் தாண்டிப் பயணம் புறப்பட்டுவிட்டதா என்பதை அவை காட்டும். இந்நோயில் மிகக் கனமான கூறுகளில் அது ஒன்று. எடுத்த ஒன்பது கணுக்களில் ஒன்றில் புற்று இருந்தது. மூன்றாவது, அணுக்களின் தன்மை. இயல்பான அணுக்களின் சாயல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவு வேகம் குறைவு. அத்தாவுக்கு நடுத்தரம். நான்காவது, நரம்புகளைச் சுற்றியும் இரத்தக்குழாய்களுக்குள்ளும் நோய் ஊர்ந்திருக்கிறதா என்பது. நரம்பைச் சுற்றி ஊர்ந்திருந்தது. இந்தப் புற்றுக்கு அது வழக்கம்.

அந்த ஒரு கணுவைப் பற்றி நான் தனியே மருத்துவரிடம் கேட்டேன். “ஐந்து வாரம் முன்னால் வந்திருந்தால் அது சுத்தமாக இருந்திருக்குமா?” அவர் என்னை நீண்டநேரம் பார்த்தார். “இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். இந்தக் கட்டி காமாலை வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அங்கே இருந்திருக்கும். எனக்குத் தெரியாது” என்றார். அந்த விடையோடுதான் இன்றுவரை வாழ்கிறேன்.

ஆகஸ்டு முதல் ஆறு மாதம் கேப்சிடபின் மாத்திரை. இரண்டு வாரம் உண்டு, ஒரு வாரம் ஓய்வு. பிரிட்டனில் 447 நோயாளிகளிடம் நடத்திய பில்கேப் என்னும் ஆய்வு அவ்வாண்டுதான் வெளிவந்திருந்தது. அறுவைக்குப்பின் இம்மாத்திரை உண்டவர்களின் நடுநிலை வாழ்நாள் 51 மாதம். உண்ணாதவர்களுக்கு 36 மாதம். முதன்மைக் கணக்கீட்டில் அந்த வேறுபாடு ஐயமற உறுதிப்படவில்லை; எனினும் உலகெங்கும் மருத்துவர்கள் அதைப் பின்பற்றத் தொடங்கினர். நடுநிலை என்றால் பாதிப்பேர் அதற்குமுன், பாதிப்பேர் அதற்குப்பின் என்பதே பொருள். அது ஒரு மனிதருக்கு விதித்த நாளன்று என்று மருத்துவர் வலியுறுத்தினார். மாத்திரையால் அத்தாவின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மிளகைத் தேய்த்துப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் அவருக்குக் குறை.

அந்த அறுவை எங்களுக்கு ஈட்டித் தந்தது 29 மாதங்கள். அவற்றை அத்தா எப்படிச் செலவிட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். மரண சாசனத்தை இரு சாட்சிகளோடு எழுதினார். தங்கையின் திருமணத்தை நடத்தினார். பொதுமுடக்கத்தில் பள்ளிவாசல்கள் மூடியிருந்த 2020 ரமளானில், வீட்டுக் கூடத்தில் எங்களுக்கு இமாமாக நின்று தராவீஹ் தொழுவித்தார். அவ்வாண்டு டிசம்பரில், பகல் குறுகிய நாட்களில், மருத்துவர் இசைவோடு விட்டுப்போன நோன்புகளை ஒன்றுவிட்டு ஒருநாள் நோற்றுத் தொடங்கி, பிப்ரவரியில் 29-ஆவதை முடித்தார். அன்று இஃப்தாருக்குப்பின் நோட்டை எடுத்து அந்த வரியைக் கோடிட்டு அடித்தார்.

இடையில், 2021 ஜனவரியில், என்னோடு காரில் எழுபது வளைவுகளும் ஏறினார். சோளக்காட்டில் ஒவ்வொருவரையாகத் தேடிப் பாக்கியைக் கொடுத்தார். தர இயலாத ஏழெட்டுப் பேரின் கடனை அவர்கள் முன்னிலையிலேயே அடித்துவிட்டார். அந்த முதிய விவசாயியிடம் போய், “கண்ணைப் பாருங்க, வெள்ளையா இருக்குதுங்களா?” என்று கேட்டார். அவர் அத்தாவின் முகத்தைத் தம் இரு கைகளிலும் ஏந்தி, இமையை இழுத்துப் பார்த்து, “பாலு மாதிரி இருக்குதுங்க பாய்” என்றார். இருவரும் அழுதார்கள்.

மே மாதம் நோய் திரும்பி வந்தது. இம்முறை வலியும் வந்தது. முதலில் மாத்திரையை மறுத்தார். வலியைப் பொறுப்பது ஸப்ரு, அதனால் பாவம் உதிரும் என்பது அவர் எண்ணம். ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து, பொறுமை என்பது இறைவன்மீது குறைசொல்லாத உள்ளம். மருத்துவரின் அளவுப்படி மருந்துண்டு வலியைத் தணிப்பது அதற்கு மாறானதன்று என்று விளக்கினார். மருத்துவர் தந்த மார்ஃபின் மாத்திரைகளால் கடைசி வாரங்களில் அவர் தெளிவாகப் பேச முடிந்தது; திக்ரு செய்ய முடிந்தது. நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை, கலிமா மொழிந்த நிலையில் அவர் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து கபுருஸ்தானின் வாயிலில் நின்றிருந்தார்கள்.

‘அப்படிச் செய்திருந்தால்’ என்ற சொல் ஷைத்தானின் செயலுக்கு வாசலைத் திறக்கும் என்று நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த வாசலில் நான் பல இரவுகள் நின்றிருக்கிறேன். நடந்தது அல்லாஹ்வின் நாட்டம் என்று ஏற்றுக்கொள்கிறேன். அதே வேளை, நோய்க்கு மருந்து தேடுங்கள் என்ற நபியின் கட்டளையை ஐந்து வாரம் தாமதித்தவன் நான் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டையும் ஒருசேரச் சுமக்க வேண்டியிருக்கிறது. அதற்காக இறைவனிடம் மன்னிப்புக் கோருகிறேன். அதன் ஒரு பகுதியாக நீங்கள் அறிய வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் கண் மஞ்சளானால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாரத்துக்குள் இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்துவிடுங்கள். நாற்பது வயதைக் கடந்தவராயின் ஒருநாளும் தள்ளாதீர்கள். உடல் அரிப்பு, வெளுத்த மலம், கருத்த சிறுநீர், காரணமில்லா எடைக்குறைவு ஆகியவை குழாய் அடைப்பின் அடையாளங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். ஓதிப் பார்ப்பது நபிவழியில் உள்ளது. ஓதிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழாய் வைப்பதற்கு முன்பே கல்லீரல் அறுவையில் தேர்ந்த குழுவிடம் படங்களைக் காட்டுங்கள். அறுவைக்கு வாய்ப்புண்டா என்பதை அவர்களே சொல்லத் தக்கவர்கள். சென்னையில் ஸ்டான்லி உள்ளிட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கெனத் தனித் துறைகள் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி இருந்தால் நோய் வரும்வரை காத்திராமல் இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்து மக்களுக்கு 2022 ஜனவரி முதல் நாமக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நோயாளியிடம் உண்மையை மறைக்காதீர்கள். அவர் தீர்க்க வேண்டிய கணக்குகள் உங்களுக்குத் தெரியாது.

இப்போது மிளகுப் பருவத்தில் நான் மலை ஏறுகிறேன். சோளக்காட்டில் ஒருவரோடு விலை பேசும்போது என் பார்வை முதலில் அவர் கண்களின் வெண்மைக்கே போகிறது. சென்ற தை மாதம் ஒரு பெண்ணின் கண்ணைப் பார்த்துவிட்டு அவர் கணவரிடம், “போயிக் காட்டுங்க” என்றேன். மறுவாரமே நாமக்கல்லுக்கு அழைத்துச் சென்றார்கள். பித்தக்குழாயில் வெறும் கல், எடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

யா அல்லாஹ், என் தகப்பனாரின் கபுறை ஒளிமயமாக்குவாயாக. நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வாயாக. ஆமீன்.